டார்ச் பிடிக்கிற கை

ஜெயசீலனின் வலது கை நடுங்கத் தொடங்கியது சுனாமிக்கு அடுத்த கோடையில். முதலில் டீ கிளாஸில் தெரிந்தது. பிறகு பென்சில் பிடித்து அளவு எழுதும்போது. கடைசியில் இரும்பை வெட்டுகிற கேஸ் கட்டிங் டார்ச்சைப் பிடிக்கும்போதே தெரிய ஆரம்பித்ததும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

மரக்காணத்தில் கிழக்கு கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குப் பிரியும் மண்பாதையின் முனையில் அவன் வெல்டிங் பட்டறை இருந்தது. தண்ணி இறைக்கும் என்ஜினுக்கு ஸ்டாண்டு, லாரிக்குப் பின்கதவு, வீட்டு கேட்டு, ஜன்னல் கிரில் என்று எது வந்தாலும் செய்வான். தகட்டில் சாக்பீஸ் கோடு போட்டு டார்ச்சை வைத்தால் கோட்டை விட்டு நூல் அளவு விலகமாட்டான் என்று திண்டிவனம் வரைக்கும் பேர். அந்தப் பேரைக் கேட்டுத்தான் ஆட்கள் வந்தார்கள். இப்போது அவன் வெட்டிய தகட்டின் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. வேலை முடிந்து அதைக் கிரைண்டரில் தேய்த்துத் தேய்த்து நேராக்குவான். யாராவது பட்டறைக்குள் வந்தால் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வான்.

நடுக்கம் அவனுக்குப் புதிதில்லை. பிரம்மதேசத்தில் அவன் அப்பா தட்சணாமூர்த்திக்கும் கை நடுங்கியது. காலையில் ஏர் பிடிக்கப் போகிற மனிதனின் கை அப்படி ஆடுவதைப் பார்த்து ஊரே அவரைக் குடிகாரன் என்றது. கோயில் பந்தியில் ஒருமுறை அவர் ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றிக்கொண்டபோது எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடப் பையனாக இருந்த ஜெயசீலன் எழுந்து வேறு பந்தியில் போய் உட்கார்ந்தான். "அந்த மனுசன் ஒரு சொட்டு தொட்டதில்லடா" என்று அம்மா எத்தனையோ முறை சொன்னாள். அவன் நம்பவில்லை. அப்பா செத்துப்போகும்வரை நம்பவில்லை.

பாண்டியில் ஒரு டாக்டரிடம் போனான். அவர் அவனை ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாகச் சுழி போடச் சொல்லிப் பார்த்தார். "இது உயிருக்கு ஆபத்தான வியாதி இல்லைங்க. சில குடும்பத்துல வழிவழியா வரும். மாத்திரை தர்றேன். கொஞ்சம் அசதியா இருக்கும்" என்றார். அவன் எழும்போது, "ஒண்ணு சொல்லிடறேன். குடிச்சா இது கொஞ்ச நேரம் அடங்கும். அந்த வழியில மட்டும் போயிடாதீங்க" என்றார்.

அவன் ஏற்கெனவே அந்த வழியில்தான் இருந்தான். பெருமுக்கலில் ஒரு கல்யாணத்தில் மச்சான் ஒருவன் வற்புறுத்தி பிராந்தி கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் டம்ளரை எடுத்தபோது கை கல் மாதிரி நின்றது. அன்றைக்கு அவனுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. மறுநாள் வேலைக்கு முன்னால் கொஞ்சம் குடித்துவிட்டு டார்ச்சைப் பிடித்தான். கோடு நேராக வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை தலையைச் சுற்ற வைத்தது. தலை சுற்றினால் நெருப்போடு வேலை செய்ய முடியாது. மாத்திரையை விட்டான். கிரைண்டர் கல் வைக்கும் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் பாட்டில் வந்தது.

அவன் மனைவி விஜயலட்சுமிக்கு வாசனை தெரியாமல் இல்லை. வானூர்க்காரி, வாய் பேசத் தயங்காதவள். ஆனால் இதை என்னவென்று கேட்பது என்று தெரியாமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு புழுங்கினாள். குடிக்கிறான், அதனால்தான் கை நடுங்குகிறது என்று நினைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் முஜீப் ரஹ்மான் தான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு ஒரு கேட்டு செய்யச் சொல்லிப் பட்டறைக்கு வந்தான். கூனிமேட்டுக்காரன். ஷார்ஜாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். அடுத்து சவூதியில் தம்மாமுக்கு விசா வரவேண்டும். சென்னை ஏஜென்ட் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் உட்கார முடியாமல் காலையில் கடற்கரை, மத்தியானம் பஸ் ஸ்டாண்டு, சாயந்தரம் மசூதித் தெரு என்று நடந்துகொண்டே இருப்பான். பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்ப கெளம்பற?" என்று கேட்டதில் அவன் பாதி ஆளாகிப் போயிருந்தான்.

கேட்டுக்கு நடுவில் கொடி சுற்றின மாதிரி தகட்டில் டிசைன் வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினான். ஜெயசீலன் அந்த வளைவுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கஷ்டமா?" என்றான் முஜீப். "ஷார்ஜாவுல எங்க யார்டுல இத மெஷின் வெட்டிடும். பிளாஸ்மா டேபிள்னு பேரு, கரண்டுத் தீயால இரும்ப வெட்டும். நான்தான் ஓட்டுனேன். கம்ப்யூட்டர்ல படத்தப் போட்டு பட்டன தட்டுனா டார்ச் தானா ஓடும்."

"கையே வேணாமா பாய்?"

"கை எதுக்கு? நம்ம நின்னு டீ குடிக்கலாம்."

ஜெயசீலன் சாக்பீஸைக் கீழே வைத்தான். "அந்த மாதிரி ஒண்ணு இங்க கட்ட முடியுமா?"

முஜீப் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொட்டகையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்தான். மறுநாள் காலை பட்டறை திறப்பதற்கு முன்பே வாசலில் டேப்போடு நின்றான்.

பிளாஸ்மா மெஷினை அம்பத்தூரில் மூடிய ஒரு கம்பெனியிலிருந்து பழசாக வாங்கினார்கள். மோட்டாரும் அதை ஓட்டும் போர்டும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தன. கம்ப்யூட்டர் திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டர்காரன் தள்ளிவிட்டது. சதுரக் குழாயை வெட்டி மேடை, அதன் மேல் ரெண்டு பக்கமும் தண்டவாளம், தண்டவாளத்தில் பேரிங் வைத்து ஓடும் ஒரு குறுக்குப் பாலம், பாலத்தில் டார்ச். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் ரெண்டு தண்டவாளமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கவேண்டும், பாலம் குறுக்கே சாயாமல் இருக்கவேண்டும். பற்ற வைத்தால் சூட்டில் குழாய் முறுக்கிக்கொண்டது. அறுத்துவிட்டுத் திரும்பப் பற்ற வைத்தார்கள். உப்புக்காற்றில் தண்டவாளம் ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகப் பூத்தது. தினமும் காலையில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகுதான் வேலை.

மேடைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றான் முஜீப். நெருப்புப் பொறியும் புகையும் அதில் அடங்கும். பட்டறையின் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு; அதை ஊற்றினால் தொட்டி ஒரு மழைக்காலம் தாங்காது. பிரம்மதேசத்தில் ஜெயசீலனின் அண்ணன் வயல் கிணற்றிலிருந்து டிராக்டர் டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

ரெண்டு பேருமே உட்காராதவர்கள். ஒருவன் ஏஜென்ட் போனுக்காக நடந்தான். இன்னொருவன் கையை மறைப்பதற்காக நடந்தான். கொட்டகையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் நட்டும் போல்ட்டும் கிடந்தன.

ஐப்பசியில் பஞ்சநாதன் வந்தார். கடலோரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய படகுக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. சுனாமியில் படகு போனவர்களுக்குப் புது ஃபைபர் படகு செய்துகொடுத்தார்கள். படகின் பின்புறத்தில் என்ஜினை மாட்டுகிற பிராக்கெட்டுக்குத் தடித்த தகட்டில் வளைவாக வெட்டவேண்டும்.

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கணும்பா" என்று ஒட்டுப்பலகையில் அறுத்த அளவுப் பலகை ஒன்றையும் சாம்பிளுக்கு ஒரு தகட்டையும் கொடுத்தார். "கையால வெட்டுனத வாங்கி வாங்கி அலுத்துப் போச்சு. ஒண்ணு உக்காருது, ஒண்ணு உக்கார மாட்டேங்குது. நடுக்கடல்ல என்ஜின் கழண்டா எவன் பதில் சொல்றது? நீ மெஷின் கட்டறேன்னு கேள்விப்பட்டேன். பொங்கலுக்கு முன்னால வந்து பாக்கறேன்."

அந்த வருஷம் மழை விடவே இல்லை. உப்பளம் முழுக்க வெள்ளம். பாத்தியும் வரப்பும் தெரியாமல் கடல் உள்ளே வந்துவிட்ட மாதிரி கிடந்தது. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினார்கள். ஒரு மத்தியானம் டார்ச்சுக்குப் பதிலாக ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கட்டி, கீழே அட்டையை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். மோட்டார் முனகியது. பேனா நகர்ந்து நகர்ந்து ஒரு வட்டம் போட்டு, தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. ஜெயசீலன் அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு இடத்தில்கூட அலை இல்லை. அவன் கையில் அட்டைதான் படபடத்தது. முஜீப் கவனிப்பதற்குள் அதை மேஜையில் வைத்துவிட்டான்.

பிளாஸ்மாவைப் பற்ற வைத்தபோது கம்ப்யூட்டர் உறைந்துபோனது. டார்ச் ஒரே இடத்தில் நின்று தகட்டைத் துளைத்தது. திரும்ப ஆரம்பித்தார்கள், திரும்ப உறைந்தது. முஜீப் ரெண்டு நாள் சாப்பாடு இல்லாமல் ஒயர்களைப் பிரித்துக்கொண்டு கிடந்தான். "தீ கெளம்புற நேரத்துல ஒரு குப்பை கரண்ட் கெளம்புது. அது ஒயர் வழியா கம்ப்யூட்டருக்குள்ள பூந்துடுது" என்றான். கம்ப்யூட்டரைக் கொட்டகையின் மறுகோடிக்குக் கொண்டுபோனார்கள். ஒயரை எல்லாம் இரும்புக் குழாய்க்குள் விட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் தனியாக எர்த் கம்பி அடித்தார்கள். உப்பில் ஊறிய மண். கம்பி வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்கியது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் உறையவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு விஷயம். டார்ச்சின் முனை தகட்டைத் தொடவும் கூடாது, ரொம்பத் தூக்கவும் கூடாது. தகடு சூட்டில் மேலும் கீழும் வளையும். அதற்கு ஏற்றபடி டார்ச்சை ஏற்றி இறக்க ஒரு திருகு வைத்திருந்தான் முஜீப்.

"நான் கம்ப்யூட்டர் கிட்ட நிக்கறேன். நீ திருகப் புடி. கண்ணு தகட்டுலயே இருக்கட்டும், மெதுவா திருப்பு" என்றான்.

ஜெயசீலன் திருகைப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை மாதம் கட்டியது கையிடமிருந்து தப்பிக்க. கடைசியில் மெஷினே கையைக் கேட்டது. ஒண்ணுக்குப் போகிறேன் என்று சொல்லி நழுவி, அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருந்ததை எடுத்து வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தான். அது வேலை செய்வதற்குள் முஜீப் பட்டனைத் தட்டிவிட்டான். டார்ச் ஓடத் தொடங்கியது. ஜெயசீலனின் விரல் திருகில் குதித்தது. முனை தகட்டில் இடித்து ஒரு பச்சை வெளிச்சம் அடித்து அணைந்தது. முனை உருகிவிட்டது. பஞ்சநாதன் கொடுத்த சாம்பிள் தகடும் பாழ்.

முஜீப் ஓடிவந்தான். கிட்டே வந்ததும் அவன் மூக்கு விரிந்தது.

"குடிச்சிருக்கியா?"

ஜெயசீலன் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

"எத்தன நாளா? தெனமுமா? நானும் வாடை வருதேன்னு பாத்தேன். பெயின்ட் தின்னர் வாடைன்னு நெனச்சிட்டேன். ஷார்ஜாவுல எங்க கேம்ப்ல ஒருத்தன் திருட்டுத்தனமா குடிச்சிட்டு மெஷின்ல கைய வச்சான். ரெண்டு விரல் போச்சு. நான்தான் அவன தூக்கிட்டு ஓடினேன்." வண்டிச் சாவியை எடுத்தான். "என் வேலைய வுட்டு, என் வீட்ட வுட்டு இங்க வந்து நிக்கறேன். உனக்கு இது வெளையாட்டா போச்சு."

வண்டியை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டான்.

மத்தியானச் சாப்பாட்டோடு வந்த விஜயலட்சுமி உருகிய முனையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். நேராகப் போய் அட்டைப்பெட்டியை நகர்த்திப் பாட்டிலை எடுத்து மேடை மேல் வைத்தாள். அவளுக்கு இடம் எப்போதோ தெரிந்திருந்தது.

"இதுக்குத்தான் அவரு போனாரா?"

"ஆமா."

"கை ஆடுற அளவுக்கு ஏங்க குடிக்கறீங்க?"

"குடிச்சு ஆடல விஜயா." அவன் கையை நீட்டினான். இப்போது பிராந்தி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கை அசையாமல் நின்றது. "பாரு. குடிச்சா நிக்குது. நாளைக்கு குடிக்காம காட்டறேன்."

அவள் நம்பவில்லை. மறுநாள் காலையிலிருந்து பட்டறையில் அவன் கூடவே இருந்தாள். அவன் ஒரு போல்ட்டில் நட்டை மாட்ட முயன்றதை, அது மரையில் உட்காராமல் தட்டித் தட்டி விழுந்ததை, மூன்றாவது முறை அவன் அதைத் தூக்கிச் சுவரில் எறிந்ததை எல்லாம் பார்த்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னான். அவள் கீழே விழுந்த நட்டைத் தேடி எடுத்து வந்தாள்.

"மாமாவுக்கும் இதானா?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"ஊரெல்லாம் அவர..."

"நானும்தான்" என்றான் ஜெயசீலன். உடனே தண்டவாளத்தைத் துடைக்கப் போனான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல பாய் வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்றாள் அவள். "குடிக்காம போங்க."

கூனிமேட்டில் முஜீப் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். வா என்று சொல்லவில்லை. அவன் மனைவி நாஜியாதான் "உக்காருங்கண்ணே" என்று டீ கொண்டுவந்தாள். ஜெயசீலன் வழக்கமாக வேண்டாம் என்று சொல்லிவிடுவான், அல்லது இடது கையால் வாங்கிக் கீழே வைத்துவிடுவான். அன்றைக்குத் தட்டோடு வலது கையால் வாங்கினான். கிளாஸ் தட்டில் கடகடவென்று அடித்தது. டீ அவன் விரலிலும் வேட்டியிலும் தரையிலும் சிந்தியது. அவன் நிறுத்தப் பார்க்கவில்லை. முஜீப் எழுந்து நின்றான்.

"இன்னிக்கு ஒரு சொட்டு குடிக்கல பாய். இதான் என் கை. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. குடிச்சா அடங்குது. அதுக்குத்தான் குடிச்சேன். மெஷின் கட்டிட்டா கையே வேணாம்னு நீ சொன்ன பாரு, அதுலேர்ந்து இது ஒண்ணுதான் என் தலைக்குள்ள."

நாஜியா அவன் கையிலிருந்து கிளாஸை வாங்கி, தரையைத் துடைத்தாள். முஜீப் அந்தக் கையையே பார்த்தான். பிறகு அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? ஏத்தி எறக்கறதுக்கும் ஒரு மோட்டார் போட்டிருப்பேனே! திருகே வச்சிருக்க மாட்டேனே! எவனுக்கு மெஷின் கட்டறோம்னு தெரியாமலே கட்டிட்டு இருந்திருக்கேன்."

"இப்ப மோட்டார் போட முடியுமா?"

"போர்டுல எடம் இல்ல. அதுக்கு வேற போர்டு வாங்கணும்." அறைக்குள் ரெண்டு சுற்று நடந்தான். சட்டென்று நின்றான். "யார்டுல கையால வெட்டறவன் டார்ச்சுல ரெண்டு சின்ன சக்கரம் மாட்டியிருப்பான். சக்கரம் தகட்டு மேல ஓடும், முனை தானா அதே ஒசரத்துல நிக்கும். தகடு வளைஞ்சா சக்கரமும் கூடவே போவும்." சட்டையை மாட்டினான். "கெளம்பு. சின்ன பேரிங் ரெண்டு இருக்குதில்ல?"

"சாப்பிட்டுப் போங்க" என்றாள் நாஜியா. ரெண்டு பேரும் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பஞ்சநாதன் வந்தார். மழை விட்டு வெயில் சுளீரென்று அடித்தது. அவர் கொண்டுவந்த தகட்டை ஜெயசீலன் மேடையில் வைத்து, அளவுப் பலகையை ஒட்டிக் குறி போட்டான். சாக்பீஸ் தகட்டில் டக் டக்கென்று தட்டியது. பஞ்சநாதன் அந்தக் கையைப் பார்த்தார்.

"ஏம்பா, காலையிலயே போட்டுட்டியா?"

முஜீப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விஜயலட்சுமி சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஜெயசீலன் இவர்கள் ரெண்டு பேரையும் பார்க்காமல் பேசினான்.

"இல்லண்ணே. இது குடி இல்ல. எங்க குடும்பத்துல வர்ற கை நடுக்கம். எங்க அப்பா தட்சணாமூர்த்திக்கும் இருந்துச்சு. அவரு குடிச்சதே இல்ல. ஆனா ஊர்ல அவருக்கு அந்தப் பேருதான்."

பஞ்சநாதன் சங்கடப்பட்டார். "நான் ஒண்ணும் தப்பா..." என்று இழுத்தார்.

"பாக்கறவங்க அப்படித்தான்ணே கேப்பாங்க. நீங்க தகட்டப் பாருங்க."

முஜீப் பட்டனைத் தட்டினான். பாலம் நகர்ந்தது. டார்ச் சீறிக்கொண்டு தகட்டுக்குள் இறங்கி, ரெண்டு சின்னச் சக்கரமும் தகட்டின் மேல் உருள, வளைவில் திரும்பியது. தொட்டித் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. ஜெயசீலன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டான், பிரித்தான், மேடையைச் சுற்றி வந்தான். வெட்டிய துண்டு தொட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டதும்தான் மூச்சு விட்டான்.

பஞ்சநாதன் துண்டைக் கழுவி அளவுப் பலகையின் மேல் வைத்தார். வளைவு ஒட்டி நின்றது. போல்ட் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "இது முட்டை மாதிரி இருக்குதே."

முஜீப் குனிந்து பார்த்தான். ஓட்டை சிறிசு, அதற்கு இந்த வேகம் அதிகம் என்றான். வேகத்தைக் குறைத்து இன்னொன்று வெட்டினார்கள். அதிலும் ஓட்டை முழு வட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் போல்ட் இறங்கியது. பஞ்சநாதன் ரெண்டையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, "மாட்டிப் பாத்துட்டு சொல்றேன்" என்று போனார்.

சொல்லவில்லை. பொங்கல் போனது. ஜெயசீலன் தினமும் சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஒருநாள் டாஸ்மாக் வரைக்கும் போய் வாங்கவும் செய்தான். அன்றைக்கு வீட்டில் விஜயலட்சுமி அவனோடு பேசவில்லை, அவனும் ஒளிக்கவில்லை. வேறொரு டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரையைக் கம்மியாகக் கேட்கலாம் என்று அவள்தான் பாண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் ஒரு டெம்போ நின்றது. உள்ளே தகடுகள். டிரைவர், "பஞ்சநாதன் அண்ணன் அனுப்பினாரு. ஓட்டைய மட்டும் டிரில்லு போட்டுக் குடுக்கணுமாம்" என்றான்.

முஜீப்புக்கு விசா வந்ததும் அந்த வாரத்தில்தான். இத்தனை மாதம் காத்திருந்த போன் வந்தபோது அவன் மேடைக்கு அடியில் படுத்து ஒரு பேரிங்கை மாற்றிக்கொண்டிருந்தான். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். குரலில் சந்தோஷம் இல்லை. போகாமல் இருக்கலாமே என்று ஜெயசீலன் கேட்க நினைத்தான். முஜீப்பின் புது வீடு பாதி கட்டி நிற்பது ஞாபகம் வந்தது, கேட்கவில்லை. புறப்படும்வரை முஜீப் விஜயலட்சுமிக்குக் கம்ப்யூட்டரில் படம் போடவும், வெட்டும் பாதையை எழுதவும் சொல்லிக்கொடுத்தான். அவள் கல்யாணத்துக்கு முன் வானூரில் டைப்ரைட்டிங் முடித்தவள். விரல் வேகமாகப் போனது.

"ஏங்கா, நீங்க எனக்கு முன்னாலயே தம்மாம் போயிடுவீங்க போல" என்றான் முஜீப்.

அவன் போன பிறகு ஒரு மத்தியானம், வளைவின் பாதியில் கரண்ட் போய்விட்டது. டார்ச் அணைந்து பாலம் நின்றது. உப்பளத்தில் தண்ணீர் வடிந்து, ஆட்கள் மறுபடி பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலன் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தான். அரைகுறையாக வெட்டிய தகட்டை என்ன செய்வதென்று கேட்க தம்மாமுக்குப் போன் போடலாமா என்று நினைத்தான்.

கரண்ட் வந்ததும் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டும் பாதையின் எந்த வரியில் நின்றது என்று தேடினான். எண்ணைத் தட்டப் போனால் பக்கத்துப் பட்டன் அமுங்கியது. அழித்தான். மறுபடியும் அதேதான்.

"தள்ளுங்க. நீங்க தகட்டப் பாத்து எந்த எடத்துல நின்னுதுன்னு சொல்லுங்க. நான் தட்டறேன்" என்றாள் விஜயலட்சுமி.

அவன் எழுந்து போய் டார்ச் முனையைக் குனிந்து பார்த்தான். "வளைவு முடியறதுக்கு முன்னால. ரெண்டாவது ஓட்டைக்கு நேரா."

"இதுவா?" பாலம் ஒரு சுண்டுவிரல் அகலம் பின்னால் நகர்ந்தது.

"இன்னும் கொஞ்சம். அங்கதான். தட்டு."

டார்ச் பற்றிக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து மீதி வளைவை வெட்டி முடித்தது. துண்டை எடுத்துக் கழுவி ஓரத்தைத் தடவினான். நின்று மறுபடி தொடங்கிய இடத்தில் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. வைஸில் கவ்வ வைத்து, அரத்தை ரெண்டு கையாலும் பிடித்து, அந்த மேட்டை ராவத் தொடங்கினான்.